ஹைபிரிட் காருக்கு எவ்வளவு காற்று: 28, 33, 36, 40, பெங்களூருக்கு எது சரி?

ஹைபிரிட் கார் ஓட்டுகிறவர்களுக்கு மீட்டர் திரையில் ஓடும் மைலேஜ் எண் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். அதனால் டயர் காற்றைப் பற்றிய வாதம் இவர்களிடையே சூடாகவே நடக்கும். "நாற்பது அடிங்க, மைலேஜ் தானா ஏறும்" என்பது ஒரு கட்சி. "இந்த ஊர்ப் பள்ளத்துக்கு 28 போதும், முதுகாவது பிழைக்கும்" என்பது இன்னொன்று. கதவுத் தூணில் கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதை மட்டும் வைப்பவர்களும், அதற்கு மேல் இரண்டு மூன்று சேர்ப்பவர்களும் நடுவில் நிற்கிறார்கள். இங்கே ஸ்டிக்கர் அளவு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) என்று வைத்துப் பேசுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். உங்கள் வண்டியில் 32 அல்லது 35 இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஹைபிரிட்டில் இந்த வாதத்துக்கு ஏன் கூடுதல் பொருள் இருக்கிறது என்பது. சாதாரண பெட்ரோல் வண்டியில் பிரேக் பிடித்தால் ஓட்டத்தின் சக்தி முழுவதும் பேடில் சூடாகிப் போய்விடும். ஹைபிரிட்டில் அதில் ஒரு பங்கை மோட்டார் திரும்பப் பிடித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும்போது ரப்பரில் சூடாகிற சக்தியை எந்த மோட்டாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. மற்ற விரயங்கள் குறையக் குறைய, டயரின் விரயம் துருத்திக்கொண்டு தெரியும். ஹோசூர் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் காலை எடுத்து வண்டியை உருள விடும்போது காற்று குறைந்த டயர் சீக்கிரமே வேகத்தை இழக்கும். மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டிவரும், மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் ஈவி விளக்கு அணைந்து இன்ஜின் எழும்.

40 பிஎஸ்ஐ கட்சி சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அளவுதான் சிறியது. டயரின் உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் சாதாரண காரில் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியத்தின் 2006 அறிக்கை கணக்கிட்டது. 33-லிருந்து 40-க்கு ஏற்றினால் வழவழப்பான சாலையில் அந்த எதிர்ப்பு ஏழெட்டு சதவீதம்தான் குறையும். லிட்டருக்கு 22 கொடுக்கும் வண்டி 22.3 கொடுக்கும். ஹைபிரிட் என்பதால் இன்னும் சற்றே கூடலாம், அவ்வளவுதான். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் முக்கால் லிட்டருக்கும் குறைவான மிச்சம். லிட்டர் 103 ரூபாய் என்று போட்டாலும் எழுபது ரூபாய்.

இந்த எழுபது ரூபாய்க்குக் கொடுக்கும் விலை அதிகம். ஒரு சக்கரம் தாங்கும் எடை மாறுவதில்லை. அதைத் தாங்கும் காற்றழுத்தம் 21 சதவீதம் கூடினால், தரையைத் தொடும் பரப்பு கணக்குப்படி 17 சதவீதம் வரை சுருங்கும். மழை பெய்து எண்ணெய்ப் படலம் மிதக்கும் சிக்னலில் சடன் பிரேக் அடிக்கும்போது தேவைப்படுவது அந்தப் பரப்புதான். டயரின் நடுப்பட்டை முன்னதாகத் தேயும். பள்ளத்தின் அடியை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் கடத்திவிடும். ஈவி மோடில் இன்ஜின் சத்தமும் இல்லை, அதனால் டயர் இரைச்சல் நேராகக் காதில் விழும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பீடு ஹம்ப்புக்கு முன் பிரேக்கை மெல்லத் தொட்டு ரீஜெனில், அதாவது மோட்டார் சக்தியைத் திரும்பப் பிடிக்கும் பிரேக்கில், வேகம் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். சாலையில் ஒரு பேட்ச் குறுக்கிடுகிறது. விறைத்த முன்சக்கரம் நொடிப்பொழுது தரையை விட்டுத் துள்ளுகிறது. சக்கரம் வழுக்குவதாக எண்ணி கம்ப்யூட்டர் ரீஜெனை வெட்டிவிட்டு வேலையைச் சாதாரண பிரேக்கிடம் கொடுக்கிறது. காலுக்கு அரை நொடி பிரேக் விட்டுப்போனது போலிருக்கும், பேட்டரிக்குப் போக வேண்டியது பேடுக்குப் போகும். 40-இல் இது அடிக்கடி நடக்கும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலையும் ஷாக் அப்சார்பர் சூடாக்கித்தான் அடக்குகிறது. அதற்கான சக்தியும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். நைஸ் ரோட்டில் கிடைத்ததை பன்னேர்கட்டா ரோட்டில் திருப்பிக் கொடுக்கிறோம்.

"டயர் ஓரத்திலேயே மேக்ஸ் 51-னு போட்டிருக்கே" என்பார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. உங்கள் காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஏற்ற அளவைச் சொல்வது கதவுத் தூண் ஸ்டிக்கர் மட்டுமே.

28 கட்சிக்கு வருவோம். சொகுசு உண்மை. சின்னச் சின்ன வெடிப்புகளும் கேட்ஸ் ஐகளும் தெரியாமலே போகும். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அப்படியென்றால் 5 பிஎஸ்ஐ-க்கு ஒரு சதவீதம், மாதம் ஐம்பது ரூபாய்க்குள். பெட்ரோலை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. பயம் சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், இருக்கிறது. காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே சைடுவால் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும். மறுநாள் பார்த்தால் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. அதை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டும். ஐந்து பேரும் பெட்டியும் ஏறி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேகமெடுத்தால் 28-இல் உள்ள டயர் தேவைக்கு மேல் சூடாகும், டயர் பட்டையின் இரண்டு ஓரங்களும் தேயும். டயர் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. அமெரிக்க விதிப்படி அது எரிய வேண்டியது 25 சதவீதம் குறைந்த பிறகு. 33-இல் தொடங்கினால் 25-ஐ நெருங்கும்போதுதான். 28-இல் அது வாயே திறக்காது.

மீதி இருப்பது 33-ஆ, 35-36-ஆ என்பது. நகருக்குள்ளேயே ஓட்டம், பின்சீட்டில் பெரியவர்கள் என்றால் 33-ஐத் தொடாமல் விடுங்கள். தினமும் ரிங் ரோடு, ஏர்போர்ட் ரோடு, வண்டியில் ஒருவர் இருவர் என்றால் 35 வைக்கலாம். மாதம் ஒரு பிஎஸ்ஐ போல இயல்பாகவே இறங்கும், அடுத்த முறை பார்க்கும்போதும் 33-க்குக் கீழே போயிருக்காது. நான் 35-ஐத்தான் பரிந்துரைப்பேன். 36-க்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை, முழுச்சுமைக்கு என்று ஸ்டிக்கரே தனி அளவு கொடுத்திருந்தால் தவிர.

உண்மையில் 33-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பங்க்கில் நடக்கும் பிழை பெரியது. ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி பங்க்குக்குப் போகிறீர்கள். "எஷ்டு ஹாக்லி சார்?" (எவ்வளவு அடிக்கட்டும்?) என்கிறார் பையன். "33" என்கிறீர்கள். சூட்டில் 36 காட்டும் டயரிலிருந்து அவர் மூன்றைப் பிடுங்கிவிட்டு பீப் சத்தம் கேட்டதும் நகர்கிறார். மறுநாள் காலை டயரில் இருப்பது 30.

வழி எளிது. காலையில் பேஸ்மென்ட்டிலேயே சொந்த கேஜால் நான்கையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன் இடது 30 என்றால் குறை 3. பங்க்கில் அதே டயர் சூடாக 33 காட்டினால், அங்கே 36 வைக்கச் சொல்லுங்கள். எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், குறையை மட்டும் கூட்டுங்கள். பங்க் மெஷினும் உங்கள் கேஜும் ஒத்துப்போகாவிட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகாது.

வீட்டில் 12 வோல்ட் பம்ப் வைத்திருப்பவர்கள் வண்டியை ரெடி நிலையில் (ஓட்டத் தயார் என்று மீட்டர் காட்டும் நிலை) வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு அடியுங்கள். ஹைபிரிட்டின் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் சிறியது. வெறும் ஆக்ஸசரியில் நான்கு டயர் அடித்தால் அது இறங்கிப்போய் வண்டி ரெடிக்கே வராமல் போகலாம். ரெடியில் இருக்கும்போது இன்ஜின் தானாக எழும், அதனால் மூடிய பேஸ்மென்ட்டில் வேண்டாம், வெளியே கொண்டு வாருங்கள்.

நைட்ரஜன் பற்றிச் சுருக்கமாக: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சற்று மெதுவாகக் கசியும், மைலேஜுக்கோ சொகுசுக்கோ தனிப் பலன் இல்லை. இலவசமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அளவு சரி என்று சொந்தமாகச் சோதிக்க விரும்பினால் ஒரு வார எண்ணை நம்பாதீர்கள். சில்க் போர்டு நெரிசலும் ஏசியும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டரை அசைக்கும், நாம் தேடுவது 0.3. ஒரே பங்க்கில் முதல் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று டாங்க்காவது ஓட்டி, ஓடோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது, கிளம்பும் முன் காற்றை மாற்ற வேண்டுமா என்று. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கிட்டத்தட்ட 1.5 பிஎஸ்ஐ குறைவு. இங்கே 33 வைத்த டயர் கிருஷ்ணகிரி தாண்டி இறங்கிச் சென்னை சேர்ந்தால் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் சென்னையில் வெப்பம் சராசரியாக நாலைந்து டிகிரி அதிகம், 10 டிகிரிக்கு 1.5 பிஎஸ்ஐ வீதம் அது முக்கால் பிஎஸ்ஐ வரை ஏற்றிவிடும். மீதி வித்தியாசம் ஒரு பிஎஸ்ஐ-க்குள்தான். சுமைக்கான அளவை இங்கேயே குளிர்ந்த டயரில் வைத்துக் கிளம்பினால் போதும். கூடவே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதற்கு வேண்டியது 60 பிஎஸ்ஐ.