கணவர் ஓட்டை போட்ட சுவரை யாரிடம் ஒப்படைப்பது?

டிவி மாட்டுவதற்கோ, குளியலறையில் ஷெல்ஃப் வைப்பதற்கோ கணவர் டிரில்லிங் மெஷினை எடுக்கிறார். பிட் சுவருக்குள் ஓடும் குழாயில் இறங்கிவிடுகிறது. எங்கள் வேலூரில், சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே இது நடந்திருக்கிறது. அதன்பின் வரும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: அவரே சரிசெய்யட்டுமா, பிளம்பரைக் கூப்பிடலாமா, மேஸ்திரியிடம் மொத்தமாக விடலாமா, இல்லை தம்பியை வரச் சொல்லலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரோ கரண்டோ சம்பந்தப்பட்டால் அன்றைக்கே வெளியாள்தான். பட்டி, பெயிண்ட், மரவேலை என்றால் அவரே மறுபடி செய்யட்டும். யார் மேல் கோபம், யாருக்கு ரோஷம் என்பதையெல்லாம் பார்க்காமல், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து ஆளை முடிவு செய்ய வேண்டும்.

யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. "என்னங்க, மேல போய் வால்வை மூடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னால் போதும். ஆனால் நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு வால்வில் படிந்து இறுகிவிடும். வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு அவசரத்துக்குத் திரும்பாது. மாதம் ஒரு முறை மூடித் திறந்து பழக்கி வையுங்கள். திரும்பவே இல்லையென்றால் மோட்டாரை அணைத்துவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து டேங்கைக் காலி செய்வதுதான் வழி. ஈரம் சுவிட்ச் போர்டுப் பக்கம் போயிருந்தால் மெயினையும் அணைக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே டிரிப் ஆகிக் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் பல பழைய வீடுகளில் கிடையாது. அந்த வீடுகளில் ஈரச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதே ஆபத்து.

சரி, அவரே சரிசெய்வதில் லாபம் இருக்கிறது. கூலி மிச்சம், ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம், ஓட்டை எங்கே விழுந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் பெரும்பாலும் அவர் செய்வது ஓட்டையில் எம்-சீல் என்ற அடைப்புப் பசையைத் திணித்து, மேலே வெள்ளை சிமெண்ட் பூசுவதுதான். வெளியே தெரியும் குழாயில் அந்தப் பூச்சு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். சுவருக்குள், டேங்க் அழுத்தம் எப்போதும் இருக்கும் குழாயில் அதை நம்ப முடியாது. கசிவு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பட்டி உப்பி, பெயிண்ட் உரிந்து, சுவரில் உப்புப் பூக்கும்போது செங்கல் ஈரத்தில் ஊறிப்போயிருக்கும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. கீசர் லைனுக்குப் போடும் சிபிவிசி குழாய் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கக்கூடியது. அதை ஒட்ட அதற்கென்றே தனி சொல்யூஷன் உண்டு. வீட்டில் கிடக்கிறதே என்று சாதாரண பிவிசி சொல்யூஷனைத் தடவினால் ஒட்டியதுபோல இருக்கும், சுடுதண்ணீர் ஓட ஓட விட்டுவிடும்.

பிளம்பர் செய்வதே வேறு. ஓட்டையைச் சுற்றிச் சுவரைக் கொத்தி, அடிபட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத்துண்டும் அதை இணைக்கும் கப்ளரும் போட்டு ஒட்டுவார். சொல்யூஷன் டின்னில் எழுதியிருக்கும் நேரம் கழிந்த பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, கசிகிறதா என்று பார்ப்பார். வீடு கட்டியபோது லைன் இழுத்தவரே கிடைத்தால் ரொம்ப நல்லது, எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஜிஐ (இரும்புக் குழாய்) லைன் இருக்கும் வீடுகளில் வெளியாள் தவிர வேறு பேச்சே வேண்டாம். உள்ளே துருவும் உப்பும் அடைத்த குழாயை ஒரு இடத்தில் முறுக்கினால் இன்னொரு இடத்தில் விட்டுக்கொள்ளும்.

பிளம்பர் வழியில் உள்ள குறை, அவர் வேலை குழாயோடு முடிந்துவிடுவது. சுவரில் பள்ளம் அப்படியே நிற்கும். அதைப் பூசக் கொத்தனார், டைல்ஸ் போயிருந்தால் அதற்கு ஒருவர், கடைசியில் பெயிண்டர். கையகலப் பூச்சுக்கு எந்தக் கொத்தனாரும் தனியாக வரமாட்டார், வந்தாலும் ஒரு நாள் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் மாடிப்படி விரிசல், பெயர்ந்த வாசல்படி என்று வீட்டில் நிற்கும் சில்லறை வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கூப்பிடுங்கள்.

மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. செலவு கூடும், ஆனால் கசிந்தால் கேட்க ஒரே ஆள். குளியலறையில் டைல்ஸ் உடைந்து, தரைக்கு அடியிலும் தண்ணீர் இறங்கியிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஒற்றை ஓட்டைக்கு இது அதிகம்.

தம்பியையோ அண்ணனையோ கூப்பிடுவது காசில்லாத வழி என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. "மாமா, நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மைத்துனர் சொல்லும்போது கணவருக்கு எப்படி இருக்கும்? அந்தப் பேச்சு தீபாவளி, கல்யாணம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்ப வரும். கூலி வாங்கும் பிளம்பர் யாரையும் குத்திக்காட்டுவதில்லை. தம்பியே பிளம்பராக இருந்தால்கூட, கணவரே அவருக்குப் போன் செய்து கூப்பிடட்டும்.

அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான், ஓட்டை காய்ந்த சுவரில் இருந்தால். காலண்டரை மாட்டி மறைக்கலாம். ஈரச் சுவரை ஒரு நாளும் விடக் கூடாது.

கரண்டு விஷயத்தில் ஒப்பிட ஒன்றுமில்லை. பிட் ஒயரில் பட்டிருந்தால், டேப் சுற்றி உள்ளே தள்ளிப் பூசிவிடக் கூடாது. எலக்ட்ரீஷியன் பைப்புக்குள் புது ஒயர் இழுக்க வேண்டும். மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது, உள்ளே இருப்பது நம்முடையது.

வாடகை வீடென்றால் இன்னும் ஒன்று சேர்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், குழாய் மாற்றுவது வீட்டு ஓனர் செய்ய வேண்டிய வேலைகளில் வருகிறது. ஆனால் குடியிருப்பவர் தானே உண்டாக்கிய சேதத்துக்கு அவரே பொறுப்பு, அட்வான்ஸில் பிடிக்க இடம் உண்டு. மறைத்துப் பூசிவிட்டு, காலி செய்யும்போது மாட்டிக்கொள்வதைவிட அன்றைக்கே ஓனரிடம் சொல்லி, "உங்க பிளம்பரையே அனுப்புங்க, கூலி நாங்க குடுத்துடறோம்" என்பது நல்லது. அவர் ஆள் செய்த வேலையில் அவரே பின்னால் குறை சொல்வது கடினம்.

வெளியாள் வந்தாலும் கணவரை அந்த இடத்தைவிட்டு அனுப்பாதீர்கள். டார்ச் பிடிக்க, வால்வைத் திறந்து மூட, கொத்திய மண்ணை அள்ள அவர் இருக்க வேண்டும். பூச்சு முடிந்ததும் ஏழு நாள் தண்ணீர் தெளிப்பதும் அவர் பொறுப்பு. நம் ஊர்க் கத்திரி வெயிலில் தண்ணீர் காட்டாத பூச்சு வெடித்துவிடும். பிறகு சுவரை நன்றாகக் காயவிட்டு, பட்டி, பிரைமர், பெயிண்ட் மூன்றையும் அவரே செய்யலாம். அது தப்பாகப் போனாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செய்யக்கூடியது. வெயில் காலத்தில் சுவர் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொத்தினால் பெயிண்டைத் தைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் பள்ளத்தை மூடுவதற்கு முன், குழாய்க்குப் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயும் ஒயரும் பெரும்பாலும் தண்ணீர் பிடிக்கும் டேப், சுவிட்ச் போர்டு இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயோ, கீழேயோ, பக்கவாட்டிலோ ஓடும். அந்த நேர்க்கோட்டில் மட்டும் டிரில் வேண்டாம் என்று படத்தைக் காட்டிச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார்.