பேரிடர் உதவி: பொருளா, பணமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் சாலையோடு இழுத்துப் போனது. அந்த மாதிரி நாளில் பணத்தை வைத்து என்ன செய்வது? கடையே திறந்திருக்காது. முதல் இரண்டு, மூன்று நாளுக்குச் சோறு, தண்ணீர், தார்ப்பாய் எல்லாம் பொருளாகத்தான் வர வேண்டும்.

சர்வதேச அமைப்புகளுக்குச் சிக்கலே அந்தப் பொருள்தான். 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. அதுவும் சேதமாகி, பெரிய விமானங்கள் இறங்கத் தடை விதித்தார்கள். சுங்கச் சோதனையிலும் சரக்கு தேங்கியது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் குவிந்த பழைய துணிகளில் கம்பளிச் சட்டைகூட இருந்தது. கடலோர வெயிலுக்குக் கம்பளி!

பணம் என்றால் லாரி, கிடங்கு, சுங்கம் எதுவும் வேண்டாம். செத்துப்போன ஆட்டுக்குப் பதில் ஆடு வாங்குவதா, ஓடு மாற்றுவதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யும். ஆனால் பாஸ்புக்கும் ஆதாரும் சேற்றில் போனவரிடம் அடையாளம் கேட்டால்? அப்புறம், சரக்கு வராத சந்தையில் பணம் மட்டும் வந்தால் விலைதான் ஏறும்.

என்னைக் கேட்டால், ஊத்தங்கரை, அரூர் போன்ற ஊர்களில் சாலை திறந்த மறுநாளே பணத்துக்கு மாறிவிடலாம். வாரச்சந்தை சீக்கிரம் கூடிவிடும். நிவாரண அரிசி மட்டும் வந்துகொண்டே இருந்தால் உள்ளூர் மளிகைக்காரருக்கு இரண்டாவது அடி.