ஆர்வி கூரைக்கு எம்பிபிடியா, பிடபிள்யூஎம்மா?

ஒன்டாரியோவில் நிற்கும் எங்கள் ஆர்வியின், அதாவது தங்கிப் பயணிக்கும் ட்ரெய்லரின் கூரையில் 100 வாட் சோலார் பேனல்கள் மூன்று, கீழே 12 வோல்ட் பேட்டரி. நடுவில் நின்று பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது சார்ஜ் கன்ட்ரோலர். அதில் எம்பிபிடி, பிடபிள்யூஎம் என்று இரண்டு வகை. நான் எம்பிபிடியைத்தான் எடுத்தேன். பிடபிள்யூஎம் விலை மலிவு, அளவில் சின்னது, மாட்டுவதும் சுலபம். அதில் சண்டையில்லை.

ஆனால் 12 வோல்ட் பேனல் என்று விற்கிறார்களே, அது நல்ல வெயிலில் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்ப் தரும். பிடபிள்யூஎம் அதை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடுவதால் பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கையில் கிடைப்பது 72 வாட் போல. எம்பிபிடி 18 வோல்ட்டிலேயே வாங்கி, மிச்ச வோல்ட்டை ஆம்பாக மாற்றி, ஏழு ஆம்புக்கு மேல் பேட்டரிக்குள் தள்ளும். கொளுத்தும் கோடையில் பேனல் சூடேறி அதன் வோல்ட் குறையும், அப்போது இந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். எம்பிபிடியின் அருமை குளிரில்தான் தெரியும்.

அதே குளிர்தான் அதைக் கொல்லவும் செய்யும். பேனலையும் கன்ட்ரோலரையும் பொருத்தும்போது நான் அதிக நேரம் செலவிட்டது இந்தக் கணக்கில்தான். விக்ட்ரான் கம்பெனியின் கன்ட்ரோலரில் 75/15 என்று போட்டிருந்தால் முதல் எண் பேனல் பக்கம் தாங்கும் உச்ச வோல்ட், அடுத்தது பேட்டரிக்குப் போகும் ஆம்ப். என் பேனலின் பின்னால் ஒட்டியுள்ள லேபிளில் ஓபன் சர்க்யூட் வோல்ட், அதாவது கரன்ட் எதுவும் எடுக்காதபோது பேனலில் நிற்கும் வோல்ட், 22.5. மூன்றை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துப் போட்டால் வோல்ட் கூடி 67.5. 75க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 22.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ 0.3 சதவீதம் கூடும். மைனஸ் 30இல் கணக்குப் போட்டால் 78 வோல்ட்டைத் தாண்டுகிறது. ட்ரெய்லரை மூடி வைத்த மாதங்களிலும் கூரையில் வெயில் விழும். பேட்டரி நிறைந்து கரன்ட் எடுக்காத நேரத்தில் பேனல் அந்த உச்சத்திலேயே நிற்கும். ஒரே ஒரு காலை போதும், கன்ட்ரோலர் போய்விடும். அதனால்தான் 100/20 வாங்கினேன். உங்கள் ஊரின் சராசரிக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இதுவரை வந்த மிக மோசமான குளிரை எடுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் இவ்வளவு பயம் வேண்டாம். என் 300 வாட்டுக்கு 20 ஆம்ப் கொஞ்சம் குறைவுதான், உச்சி வெயிலில் சிறிது வீணாகும். அதிகப்படியை அதுவே எடுக்காமல் விட்டுவிடும், எரியாது.

மரத்தடியில் அடிக்கடி நிறுத்துபவர்கள் பேனல்களை பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போடுவதையும் யோசிக்கலாம். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்ற இரண்டும் தடையின்றி ஓடும். வயர் தடிமனாக வேண்டும், மூன்று பேனல் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸும் வேண்டும். நாங்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் நிறுத்துவதால் பேரலலை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

சும்மா நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்காமல் இருக்க ஒரே ஒரு 100 வாட் பேனல் போதும் என்றால், சரி, பிடபிள்யூஎம்மே வாங்குங்கள்.