ஆரஞ்சு மூடி, சிவப்பு மூடி: மருத்துவ வீடியோக்களோடு ஆறு வருடம்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் எங்கள் வீட்டு முன்னறையில், சாயங்காலம் ஆனதும் அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருவாள். எதிரே சீனி டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் யாராவது ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருப்பார். 2019 கடைசியில் மாத்திரை போதாது என்று அவளுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அதற்காக நாடகம் பார்ப்பதை அவள் விட்டுவிடவில்லை. அது எட்டு மணிக்கு மேல்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை, தையல்காரி. ஆனால் இந்த ஆறு வருடத்தில் நாங்கள் பார்த்த மருத்துவ வீடியோக்களை வரிசையாக அடுக்கினால் ஒரு பரீட்சையாவது எழுதிவிடலாம். அவற்றில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் கைகொடுத்த கதை. ஊசி போடப் பழகிக்கொள்ளச் சொன்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே ஒரு முறை செய்து காட்டினார். எங்களுக்குப் பின்னால் அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்து வைத்தபோது எனக்கு நினைவில் இருந்தது அவருடைய கைக்கடிகாரம் மட்டும்தான். அன்று இரவு ஒரு வீடியோவைப் பத்து முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு இடையே உருட்ட வேண்டும். எத்தனை யூனிட் எடுக்கிறோமோ அத்தனை அளவு காற்றை முதலில் குப்பிக்குள் தள்ள வேண்டும். பிறகு குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுத்து, குமிழி நின்றால் சுண்டிவிட வேண்டும். உருட்டுவதற்கு மட்டும் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடமாகப் பீடி உருட்டிய கை.

காலை வாரிய கதையும் அதே வீடியோவில்தான் இருந்தது. அது வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது. அதில் வந்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. நான் சிரிஞ்சு வாங்கிய கடையிலும் ஆரஞ்சு மூடியையே எடுத்துக் கொடுத்தார்கள். வீடியோவில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? இருபது யூனிட் என்று எழுதியிருந்தார்கள், இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்தும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 280-க்குக் கீழே இறங்கவில்லை. அம்மா ஒளித்து வைத்து எதையோ தின்கிறாள் என்று நான் அவளோடு சண்டை போட்டேன்; அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் இருபதாவது கோடு வரை 40 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது எட்டு யூனிட்தான். தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்திருந்தால், இருபதுக்குப் பதில் ஐம்பது யூனிட் போயிருக்கும். அம்மா தூக்கத்திலேயே மயங்கிப் போயிருப்பாள். இதை எனக்குச் சொன்னதும் ஒரு வீடியோதான். தமிழ் டாக்டர் ஒருவர் வெள்ளைத் தாளின்மேல் இரண்டு சிரிஞ்சுகளையும் பக்கம் பக்கமாக வைத்து, குப்பியில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டி, நான்கே நிமிடத்தில் முடித்திருந்தார். பின்னணி இசை இல்லை, மணியை அழுத்தச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் சொற்பம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கையால் செய்கிற வேலையைச் சொல்லித் தரும் வீடியோ என்றால், அது எந்த ஊர்க் கடைச் சரக்கை வைத்துக் காட்டுகிறது என்று முதலில் பார்ப்பேன்.

அம்மாவின் அளவுகோல் வேறு. அவள் கண் இலையிலும் கத்தரியிலும் இருக்கும். வீடியோவைக் காதால்தான் பார்ப்பாள். "ஏட்டி, அந்த ஆள் 'இப்படி இப்படி' என்கிறானே, எப்படி?" என்று கேட்டாள் என்றால் அந்த வீடியோ தேறவில்லை என்று பொருள். கண் பார்வை மங்கியவர்களும் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவர்களும்தான் இவற்றை அதிகம் போட்டுக் கேட்கிறார்கள் என்பது எடுப்பவர்களுக்குத் தெரியவில்லையோ என்னவோ. "தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் கடை விட்டு" என்று வாயால் சொன்னவரை அம்மாவுக்கு இன்றும் பிடிக்கும். "நம்ம ஊர் வைத்தியர் மாதிரி அளவு சொல்கிறான்" என்பாள்.

அந்த இரண்டு விரல் கடையிலும் ஒரு வினை இருந்தது. இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று கேட்டாள், தலையாட்டினாள், மாற்றவும் செய்தாள். எப்படி என்றால், காலையில் தொப்புளுக்கு இடப்பக்கம், இரவில் வலப்பக்கம். இரண்டு பக்கமும் தினம் அதே புள்ளி. அங்கே மரத்துப் போய் வலி தெரியவில்லை, அதனால் அவளுக்கு வசதி. இரண்டு வருடம் கழித்துச் சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்கியபோது, ஒரு நர்ஸ் வயிற்றை விரலால் தடவிப் பார்த்து, இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். கொழுப்புத் திரண்ட அந்த இடத்தில் போடும் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. நாங்கள் பார்த்த வீடியோக்கள் எதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டு வயிற்றை அவை பார்க்கவில்லை, அவ்வளவுதான். இப்போது வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம், அதிலும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கணக்கு.

2021-இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு, தன்னார்வலர் ஒரு பெண் மாதம் ஒருமுறை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார், ரத்த அழுத்தமும் பார்க்கிறார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தோம். எல்லாம் சரியாக வந்துவிட்டது, பேசாமல் இருப்பதைத் தவிர. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் விஷயம் முழுவதும் அந்தப் பட்டை இறுகும்போதுதான் அம்மாவுக்கு நினைவுக்கு வரும்.

சாப்பாட்டு வீடியோக்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை. "ஒரு கப் சாதம்" என்பார்கள். எங்கள் வீட்டில் உழக்குத்தான் உண்டு. கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஒருவர், விஷம் என்று இன்னொருவர். கருப்பட்டியிலும் பெரும்பகுதி நம் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கூடவே கொஞ்சம் தாது உப்பு. இதைப் பொறுமையாகச் சொன்ன வீடியோவை அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். கருப்பட்டிக் காப்பி விஷயத்தில் அவளுக்கு எந்த டாக்டரும் வேண்டாம்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. ஒரே வாரத்தில் சர்க்கரைக்கு விடை என்று தலைப்புப் போட்ட ஒன்றைப் பார்த்து, என் சித்தி மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். பதினைந்தாம் நாள் சர்க்கரை நானூறைத் தாண்டி, நாக்கு வறண்டு, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வீடியோவை அப்புறம் முழுக்கப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கடைசி இரண்டு நிமிடம் பொடி விற்றார்கள்.

புகையிலை வீடியோக்கள் எங்கள் ஊருக்கு ஒரு தனி வேடிக்கை. கரி பிடித்த நுரையீரல் படம் ஓடிக்கொண்டிருக்கும், அம்மா தூளை அள்ளி இலையில் வைத்துக்கொண்டிருப்பாள். பீடி குடிப்பவருக்குச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தூளைச் சுவாசித்து, கைத்தோல் வழியாகவும் நிக்கோட்டினை உள்ளே வாங்கிக்கொண்டு சுற்றுகிறவளுக்கு என்று நான் தேடியவரை உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மட்டும் என்ன செய்வோம் என்று அம்மா கேட்கிறாள். சுளகை வாசல் பக்கம் காற்றோட்டமாக வைத்துக்கொண்டாள், கை கழுவாமல் தின்பதை விட்டாள். அது நாங்களாகச் செய்தது.

காய்ச்சல் வீடியோக்களை நான் மதிக்கிறேன். 2012-இல் எங்கள் மாவட்டத்தில் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் வாங்க நின்ற வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்போது எங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும்போதுதான் பயம், விட்டால் நிம்மதி. காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது என்று எதைக் கண்டாலும் ஓட வேண்டும் என்று பின்னால் ஒரு வீடியோவில்தான் தெரிந்துகொண்டேன். அக்கா மகனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டபோது, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்ததைப் பார்த்து உடனே கூட்டிப் போனோம். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்களுக்கு வேறொரு பாடம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. தாமிரபரணி கரையை மீறி ஓடியது, கரண்ட் போனது, கைபேசிக்கு டவர் போனது. நாலு வருடமாகச் சேர்த்த அறிவெல்லாம் எங்கோ மேகத்தில் இருந்தது, எங்கள் தலைக்கு மேல் இருந்ததோ வேறு மேகம். பிரிட்ஜில் பிரிக்காத குப்பிகள் இரண்டு. பக்கத்து வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். உறைந்த இன்சுலின் வீண் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் மறுத்துவிட்டேன். மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் மணல் போட்டு நனைத்துக் குளிரவைக்கும் முறையும் நினைவுக்கு வந்தது, செய்தும் வைத்தேன். மழை ஈரத்தில் பானை அவ்வளவாகக் குளிராது. அந்த டிசம்பர் குளிருக்கு அது தேவைப்படவும் இல்லை. சித்திரை வெயிலில் கரண்ட் போகும்போது அதே பானை நன்றாக உதவுகிறது. வெள்ளம் வடிந்த வாரமே முக்கியமான பதினோரு வீடியோக்களைக் கைபேசியிலேயே இறக்கி வைத்துவிட்டேன். இன்சுலின் ஐந்து, பாம்புக்கடி ஒன்று, நாய்க்கடி ஒன்று, பாதம் பராமரிப்பது இரண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒன்று, டெங்கு ஒன்று.

போன மாதம் பக்கத்து வீட்டு மதினிக்கும் இன்சுலின் தொடங்கினார்கள். மருந்துப் பையோடு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். நான் கைபேசியை எடுத்து வீடியோவைத் தேடுவதற்குள் அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டு, "முதலில் மூடியைக் காட்டு" என்றாள். ஆரஞ்சு. குப்பியை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நாற்பது. மதினியின் மகனைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, குப்பியை மதினியின் கையில் வைத்தாள்.

"பீடி மாதிரி இறுக்காதே ஏட்டி. அது கலந்தால் போதும்."