பிரிக்கணும், பிதுக்கணும், தடவணும்: கத்தியில்லாமல் பிரெட் சாப்பிட எந்தப் பாக்கெட் தேறும்?

அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கக் கோவையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போய் வருகிறோம். மாத்திரைக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும், அந்த நேரத்தில் அம்மாவுக்கு இறங்குவது பிரெட், வெண்ணெய், ஜாம். பிரெட் பிரச்சினையே இல்லை. கூட வரும் அந்தச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள்தான் பிரச்சினை. "கண்ணு, இதக் கொஞ்சம் பிரிச்சுக் குடு" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கேட்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

கடைசியாக ஒரு பயணத்தில் கிடைத்த ஜாம் சாஷேவை அம்மா நானில்லாதபோது பல்லால் கடித்து இழுத்திருக்கிறார், அது நடுவில் கிழிந்து பாதி ஜாம் புடவையில். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். கத்தி, ஸ்பூன் எதுவும் இல்லாமல், ஆடும் ரயிலில், பலமில்லாத கையால் பிரெட்டில் ஒன்றைத் தடவிச் சாப்பிட எந்தப் பேக்கிங் உண்மையில் உதவுகிறது? 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கப் பிளாஸ்டிக் கத்தியும் ஸ்பூனும் தடையாகிவிட்டன, அதற்குப் பதில் வரும் மரக்கத்தி குளிர்ந்த வெண்ணெயில் அழுத்தினால் வளைகிறது. ஆக இது அம்மாவின் பிரச்சினை மட்டும் இல்லை. ஏழெட்டு மாதமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீட்டு மேசையிலும் ரயிலிலும் வைத்துப் பார்த்துவிட்டோம். நான் பார்த்தது மூன்றே விஷயம்: திறக்க முடிகிறதா, வெளியே வந்தது பிரெட்டில் பரவுகிறதா, உள்ளே எவ்வளவு தங்கிவிடுகிறது.

முதலில் சாஷே. நம்மூரில் இதைக் குறை சொல்லக் கொஞ்சம் மனசு வராது, ஏனென்றால் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றதும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் அதே வழியில் இறங்கிச் சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனதும் இங்கே நடந்த கதை. பெரிய பாட்டில் வாங்க முடியாதவர் கைக்கும் பொருள் போய்ச் சேர்ந்தது அதனால்தான். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் சாஷே இன்றைக்கும் சரியான ஜோடி, ஓரத்தில் பிதுக்கினால் போதும், தடவ வேண்டியதில்லை. பிரெட்டுக்கு வரும்போதுதான் அது தோற்கிறது. கிழிக்கும் இடத்தில் வெட்டு இருந்தாலும் இரண்டு கையாலும் கிள்ளிப் பிடித்து எதிரெதிராக இழுத்தாக வேண்டும், அம்மாவால் முடியாத அசைவு சரியாக அதுதான். விரலில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தால் எனக்கே வழுக்குகிறது. ஜாம் ஒரே இடத்தில் கட்டியாக விழும். காலிப் பாக்கெட்டின் ஓரத்தால் இழுத்துத் தடவலாம் என்றால் வளைந்துகொடுக்கும், பாதி ஜாம் விரலில். மூலைகளில் தங்கியது தங்கியதுதான்.

ஓட்டல் காலை உணவில் வரும் குட்டி ஜாம் கிண்ணம், மேலே அலுமினிய மூடி ஒட்டியது, சாஷேவைவிட ஒரு படி மேல். மூடியின் காது கொஞ்சம் நீளமாக இருந்தால் அம்மா அதை இரண்டு விரல் முட்டிகளுக்கு நடுவில் செருகி இழுத்துவிடுகிறார். காது சின்னதாக இருந்தால் அவ்வளவுதான். இதில் ஒரு வழி இருக்கிறது: மூடியை முழுசாக உரித்து, சுத்தமான பக்கம் வெளியே இருக்கும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அதுவே ஒரு சின்னத் தகட்டுக் கரண்டி. அள்ளவும் செய்யலாம், தடவவும் செய்யலாம். ஓரம் கூர்மை, அதனால் நக்கிவிடாதீர்கள். ஆனால் மடிப்பதும் விரல் வேலை என்பதால் இது எனக்கான வழி, அம்மாவுக்கானது இல்லை.

இந்தச் சாஷேவையும் கிண்ணத்தையும் சேர்த்து ஹெயின்ஸ் கம்பெனி 2010இல் அமெரிக்காவில் ஒன்றை அறிவித்தது. கெட்ச்சப் பாக்கெட்தான், ஆனால் கிண்ண வடிவம். ஒரு முனையைக் கிழித்தால் பிதுக்கலாம், மூடியை உரித்தால் தோய்த்துச் சாப்பிடலாம், பழைய பாக்கெட்டைவிட மூன்று மடங்கு கெட்ச்சப். நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை, ஆனால் அதன் யோசனை ஒன்றை எடுத்துக்கொண்டேன்: தடவுவதை விட்டுவிட்டுத் தோய்ப்பது. பிரெட்டை வீட்டிலேயே டோஸ்ட் செய்து விரல் விரலாக வெட்டி எடுத்துப்போனால் ஜாம் கிண்ணத்தில் தோய்த்தே சாப்பிடலாம். மெத்தென்ற பிரெட் பிய்ந்துவிடும், மொறுமொறுவென்று இருக்க வேண்டும். அம்மா இதை இரண்டு முறை செய்தார், நன்றாகவே போனது.

வெண்ணெய் தனிக் கதை. ஜாம் எந்த ஊரிலும் ஜாம்தான், வெண்ணெய் அப்படியில்லை. அதில் எண்பது சதவீதம் போலக் கொழுப்பு, உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் உருகிவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமோ செங்கல். இதனால்தான் வெண்ணெயைப் பிதுக்கும் பாக்கெட்டில் அடைப்பது கஷ்டம்: குளிரில் வராது, சித்திரை வெயிலில் நெய் மாதிரி ஓடும். நமக்குக் கிடைப்பது அமுல் சிப்லெட் மாதிரியான பத்து கிராம் துண்டு, மெல்லிய தாளில் சுற்றியது. எல்லாரும் தாளை முழுசாகப் பிரித்துவிட்டு வெண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். பிரிக்காதீர்கள். முதலில் ரெண்டு நிமிஷம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள், அப்புறம் ஒரு பாதியை மட்டும் பிரித்து, தாள் சுற்றியிருக்கும் மறுபாதியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் கிரேயானால் தீட்டுவது போலப் பிரெட்டின்மேல் தேய்த்துக்கொண்டே போனால் சீராகப் பரவும். தேயத் தேயத் தாளைக் கீழே தள்ளலாம். முழுக் கையாலும் பிடிக்கலாம், கிள்ள வேண்டியதில்லை. அம்மாவுக்கு முனையை மட்டும் நான் பிரித்துக் கொடுத்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்கிறார். நான் பார்த்ததிலேயே பாக்கெட்டும் கத்தியும் ஒன்றாக இருப்பது இதில்தான், செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்களோ இல்லையோ.

ட்யூப். 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் வர்ணம் அடைக்கத் தகரத்தில் செய்து காப்புரிமை வாங்கியது. பிறகு பற்பசைக்கு வந்தது, அப்புறம் சாப்பாட்டுக்கு. ஸ்வீடனில் 1954 முதல் காலெஸ் காவியார் என்று உப்பிட்ட மீன்முட்டை விழுதை நீல ட்யூபில் விற்கிறார்கள், காலையில் ரொட்டிமேல், அவித்த முட்டைமேல் பிதுக்கிக்கொள்வது அங்கே வீட்டுப் பழக்கம். சீஸும் மயோனைஸும்கூட அங்கே ட்யூபில் வரும். அலுமினிய ட்யூபின் பெரிய குணம், அழுத்தினால் அமுங்கியபடியே இருக்கும், திரும்ப உப்பாது. அதனால் காற்று உள்ளே போகாது, பொருள் நாள்பட நிற்கும், கடைசிவரை சுருட்டி எடுக்கலாம், மிச்சம் ரொம்பக் குறைவு. பிளாஸ்டிக் ட்யூப் திரும்ப உப்பிக் காற்றை இழுத்துக்கொள்ளும். பலமில்லாத கைக்கு ட்யூபில் ஒரு வசதி, கையில் பிடித்து அழுத்தவே வேண்டாம், மேசையில் படுக்கவைத்து உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளினால் போதும். திருகு மூடி மட்டும் அம்மாவுக்கு ஆகாது. ஜாம் ட்யூபில் வரும்போது இன்னொரு விலையும் கொடுக்கிறோம்: வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் பழத்துண்டே இருக்காது, வெறும் கூழ். எனக்கு அது பெரிய குறை.

ட்யூபின் தம்பி மாதிரிதான் மூக்கு வைத்த பை, மேகி பிச்கூ கெட்ச்சப் போல நிற்கும் பை. முழு உள்ளங்கையால் அமுக்கலாம், மலிவு, பயணத்துக்கு எடை இல்லை. நிலக்கடலை வெண்ணெயை இப்படிப் பையில் அடைத்து வாங்கினால் முதலில் நன்றாகப் பிசைந்துவிடுங்கள், எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், பிசையாமல் திறந்தால் முதலில் எண்ணெய்தான் வரும். ஆனால் ட்யூபோ பையோ, இரண்டுமே கோடு போடும், தடவாது. அதற்கு வீட்டில் நாங்கள் பழகிய வழி: ஒரு துண்டில் நெளிநெளியாகக் கோடு போட்டு, மேலே இன்னொரு துண்டை வைத்து லேசாக அழுத்தி அரைச்சுற்று திருப்பிப் பிரித்தால் இரண்டிலும் பரவியிருக்கும். பிரெட்டே கத்தி.

தலைகீழ் பாட்டிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், வீட்டுக்கு அதுதான் என் தேர்வு. வாயில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய ஒரு சிலிக்கோன் வட்டு இருக்கும், அமுக்கினால் இதழ் மாதிரி விரியும், விட்டால் மூடிக்கொள்ளும், சொட்டாது. மிஷிகனில் சின்னப் பட்டறை வைத்திருந்த பால் பிரவுன் 1991இல் இதைச் செய்தார், 2002இல் ஹெயின்ஸ் கெட்ச்சப் தலைகீழாக நிற்க ஆரம்பித்தது. கெட்ச்சப் ஒரு விசித்திரமான பொருள், சும்மா கவிழ்த்தால் நகராது, ஒரு அளவுக்கு மேல் தள்ளினால் திடீரென்று இளகி ஓடும், கண்ணாடி பாட்டிலின் பின்னால் தட்டித் தட்டி ஒரேயடியாகக் கொட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். அந்த வட்டு இருப்பதால் தள்ளுவது நம் கை கணக்குக்குள் வருகிறது. தேனுக்கும் நல்லது, தேன் தானாகவே பரவும், பிரெட்டைச் சாய்த்தாலே போதும். குளிர் ஊரில் தேன் உறைந்து வாயை அடைத்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். பயணத்துக்கு இது பெரிசு, அதுவே இதன் தடை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி வரும்போது ஒரு கைப்பிடி கொண்டுவந்தான். அங்கே பள்ளி மதிய உணவில் ஜாமும் மார்கரினும் இப்படி வருமாம், கடையில் குச்சியில் குத்திய சாசேஜ் வாங்கினால் கெட்ச்சப்பும் கடுகு விழுதும் இதே மாதிரி. பார்க்க ஒரு விறைப்பான சின்னப் பிளாஸ்டிக் அட்டை, கீழே இரண்டு குமிழ் அறைகள், அட்டையின் நடுவில் ஒரு வரி, அந்த வரியில் ஒரு சின்ன மேடு. அட்டையை ஒரு கையால் புத்தகம் மூடுவதுபோல, குமிழ்கள் உள்ளே வரும்படி, மடித்தால் மேடு உடைந்து வாய் திறக்கும், மேலும் மடிக்க மடிக்க இரண்டு அறையும் ஒன்றையொன்று நசுக்கி இரண்டு கோடாகச் சேர்ந்தே வெளியே வரும். பிரெட்டை ஒட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அந்த விறைப்பான விளிம்பே கத்தியாகத் தடவிக்கொண்டு வருகிறது. கிழிப்பது இல்லை, கிள்ளுவது இல்லை, திருகுவது இல்லை, ஒரு கை போதும், விரலில் ஒட்டுவதும் இல்லை. மூலத்தில் இதை யோசித்தவர் சான்ஃபோர்ட் ரெட்மண்ட் என்ற அமெரிக்கர், ஊன்றியது ஜப்பானில்.

அம்மா அதைக் கட்டைவிரலுக்கும் மற்ற நாலு விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். டப் என்று திறந்து ஜாம் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. இன்னொன்றை எடுத்து, அதையும் தானே அமுக்கினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கடி ஜாமுக்கு இவ்வளவு விறைப்பான பிளாஸ்டிக் என்பது நெருடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு ஒருமுறைக்கான பிளாஸ்டிக் சாஸ் பாக்கெட்டுகளைத் தடை செய்கிறது, அது சரியென்றே நினைக்கிறேன், மேசையில் பாட்டில் வைக்க முடிகிற இடத்தில் பாக்கெட் எதற்கு? ஆனால் அதே சட்டம் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்குத் தருகிறது. கை வராதவர்கள் இருக்கும் இடம் அது. நம் ஊரில் கிழிக்கவே முடியாத சாஷேக்களை மலைபோல் செய்கிறோம், அதில் ஒரு பங்கு இந்த மடிப்பு அட்டையாக மாறினால், அதுவும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் ரயிலிலும் மட்டுமாவது, எத்தனை பேர் யாரையும் கேட்காமல் சாப்பிடுவார்கள். உணவு பேக்கிங் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

தம்பி கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு நாங்கள் செய்வது: போகும்போது வீட்டிலேயே தடவிவிடுகிறோம், இரண்டு துண்டுக்கும் வெண்ணெய், நடுவில் ஜாம், வெண்ணெய் தடுப்பதால் பிரெட் ஊறாது, வாழையிலையில் சுற்றினால் மத்தியானம் வரை தாங்கும். திரும்பும் பயணத்துக்கு ரெண்டு சிப்லெட், ஒரு மூக்குப் பை. பையின் மூடியை நான் ரயில் ஏறும்போதே ஒருமுறை திறந்து லேசாக மூடிவைத்துவிடுகிறேன், அதற்குமேல் அம்மாவே.