கிருஷ்ணகிரி டவர் பட்டறை: நாற்பதடி ஹாம் ரேடியோ டவர் போட்ட அனுபவம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஹாம் ரேடியோவுக்கு (தனி ஆட்கள் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்) டவர் போட யாரைக் கூப்பிடுவது என்று புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் காரிமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் நாற்பதடி டவர் நிற்கிறது. அதைச் செய்து, நிறுத்தி, வருஷா வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் ஒரு சின்ன வெல்டிங் பட்டறைக்காரர்கள். பெயர்ப் பலகை கிடையாது. டவர் பட்டறை என்று கேட்டால் டீக்கடையில் வழி சொல்வார்கள். தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, ஷெட், இன்டர்நெட் டிஷ் மாட்டும் கம்பம் இதெல்லாம்தான் அவர்களின் அன்றாட வேலை. ஆன்டெனா டவர் எப்போதாவது வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு வேலையையும் ஸ்டே (டவர் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டுவதையும் தைரியமாக ஒப்படைக்கலாம். எர்த்திங் நடக்கும்போது கூடவே நிற்க வேண்டும். கேபிள் முனையை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

இடம் பார்க்க வந்த அன்று பட்டறை அண்ணன் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் கரண்ட் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தார். நான் காட்டிய இடத்தில் நின்று, கம்பிவரை எட்டு வைத்து அளந்தார். "இங்க வேணாம்மா. சாஞ்சா நேரா லைன் மேல விழும்" என்றார். டவர் நாற்பதடி, மேலே பைப், அதற்கு மேல் ஆன்டெனா. எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது, அதற்கு மேலும் பத்தடி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கிணற்றோரம் தள்ளிப் போட்டோம். ஆன்டெனா கரண்ட் கம்பியைத் தொட்டு இந்தப் பொழுதுபோக்கில் உயிர்கள் போயிருக்கின்றன. அதை வாடிக்கையாளர் சொல்லாமலே பார்க்கிற ஆளை நான் விடமாட்டேன். அடுத்த கேள்வி, "லைசென்ஸ் இருக்காம்மா?" மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வு எழுதி வாங்கிய லைசென்ஸைக் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ் வாங்கினார்.

டவர் முக்கோண வடிவம், பத்தடிப் பாகங்கள் நான்கு. வெல்டிங் முடிந்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க, வெளியே அனுப்பி வாங்கினார்கள். சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன், மலிவாக முடியும் என்று சொல்கிற பட்டறைகளும் உண்டு. குழாயின் உள்பக்கம் பெயின்ட் போகாது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கால்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருக்கிறது.

ஸ்டே போடுவதில்தான் இவர்கள் கெட்டிக்காரர்கள். டவர் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில், அதாவது முப்பதடி தள்ளி, மூன்று பக்கமும் சம இடைவெளியில் ஆங்கர், அதாவது ஸ்டேயின் கீழ்முனையைத் தரையில் பிடிக்கும் பிடிமானம். ஒன்றுக்குத் தோண்டினால் இரண்டடியிலேயே பாறை. நம் ஊர் மண் தெரியாதவர்கள் அங்கே கொஞ்சம் காங்கிரீட்டைக் கொட்டி மூடியிருப்பார்கள். இவர் கல் குவாரி வேலை பார்த்தவர். கம்பரஸர் டிராக்டரைக் கூப்பிட்டுப் பாறையில் மூன்றடி துளை போட்டு, ஊதிச் சுத்தம் செய்து, இரும்புக் கம்பியை இறக்கிக் கெட்டியான சிமென்ட் பால் ஊற்றினார். மற்ற இரண்டுக்கும் குழி தோண்டி காங்கிரீட் கட்டை புதைத்தார். பாறையில் இறங்கிய ஆங்கர்தான் இன்றைக்கும் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

ஸ்டே கம்பியை மடித்து மாட்டும் இடத்தில் புல்டாக் கிளாம்ப் போடுவார்களே, அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் யூ போல்ட், மறுபக்கம் பள்ளம் வெட்டிய அடிக்கட்டை. இழுவை தாங்குகிற நீளக் கம்பி அடிக்கட்டையின் பள்ளத்தில் உட்கார வேண்டும். மடித்து விட்ட வால் பக்கம்தான் யூ போல்ட் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் நீளக் கம்பியை நசுக்கும், காற்றடிக்கிற நாளில் அந்த இடத்தில்தான் அறுந்து போகும். ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி மாட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே வேலை செய்த தம்பி மூன்று கிளாம்பையும் ஒரே பக்கமாக மாட்டினான். ஸ்டே முழுக்க இறுகிய பிறகு திரும்ப வந்து நட்டுகளை இன்னொரு முறை முறுக்கினான். கம்பி இழுபட்டதும் கொஞ்சம் மெலியும், அதனால் முதலில் வைத்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டே கம்பி ஆன்டெனாவோடு சேர்ந்து தானும் சிக்னலை வாங்கிக்கொள்ளாமல் இருக்க, நடுநடுவே முட்டை இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்கச் சொன்னேன். ஈபி போஸ்ட் ஸ்டேயில் இருக்கும் அதே பீங்கான் முட்டைதான். இரண்டு பக்கக் கம்பியும் அதில் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துப் போகும். பீங்கான் உடைந்தாலும் கம்பி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், டவர் சாயாது. ஸ்டேயை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று தளராமல் இருக்க, அதன் நடுவே ஒரு கம்பியை எட்டுப் போல வளைத்துக் கட்டினார்கள். இது நான் சொல்லாமலே நடந்தது.

பாகங்களை ஏற்றிய அன்று ஏறுகிறவனுக்கு முழு உடல் பெல்ட், இரண்டு கொக்கிகள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது டவரில் மாட்டியே இருக்கும். ஸ்பேனர்கூடக் கயிற்றில் கட்டியிருந்தது. மதியம் காற்று கிளம்பியதும், பாதியில் இருந்தாலும், இறங்கிவிட்டார்கள். எனக்கு அவசரம்தான், ஆனாலும் அன்றைக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

எர்த்திங்கில்தான் மாற்றுக் கருத்து. டவருக்குத் தனிக் குழி, வீட்டுக்குத் தனிக் குழி, இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். நம் பக்கம் நிறைய எலக்ட்ரீஷியன்களும் இதையே சொல்வார்கள். இது ஆபத்து. டவரில் இடி இறங்கினால் அந்த எர்த்தின் வோல்டேஜ் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். வீட்டு எர்த் கீழேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரே பாதை ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள், ரேடியோ செட், அதன் பவர் சப்ளை. அத்தனையும் கருகிவிடும். எல்லா எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு செம்புத் தகடு வைத்து, மின்னல் அரெஸ்டரை அதில் மாட்டி, அந்தத் தகட்டையும் இதே எர்த்தோடு சேர்த்தேன். விளக்கியதும் செய்து கொடுத்தார்கள், ஆனால் விளக்க வேண்டியிருந்தது.

பாறை நிலத்தில் ஒரே குழியில் எர்த் கிடைக்காது. எங்கள் போர்வெல் கேசிங்கும் பிவிசி, அதை நம்ப முடியாது. வரப்போரமாக ஆழமில்லாத பள்ளம் எடுத்துச் செம்புப் பட்டையை ஓடவிட்டு, மண் கிடைத்த இடங்களில் எல்லாம் ராடு அடித்தோம். ஒரு ராடுக்கும் அடுத்ததுக்கும் அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி. வரப்பில் ஈரம் நிற்பது நல்லதாகப் போயிற்று.

இனி கேபிள். பட்டறையில் வாங்கித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். முதலில் ஆன்லைனில் ஆர்ஜி-213 என்கிற தடித்த ரக கோஆக்ஸ் என்று ஒன்று வரவழைத்தேன். தடிமன் சரியாக இருந்தது. நடுக்கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை: அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். கம்பியோடு பிழைக்கிற என்னிடமே இதை விற்றார்கள் என்று ஆத்திரம் வந்தது, திருப்பி அனுப்பினேன். அப்புறம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு நேரில் போய்ச் சுரண்டிப் பார்த்து வாங்கினேன். நல்ல ஆர்ஜி-213 என்றால் வெளிவிட்டம் பத்து மில்லிமீட்டர் சொச்சம், நடுவில் ஏழு செம்புப் புரி, 50 ஓம். டிவி கேபிள் 75 ஓம், அது வேறு.

காசை மிச்சம் பிடிக்க மெல்லிய ஆர்ஜி-58 போதாதா என்று கேட்பவர்களுக்கு: 7 மெகாஹெர்ட்ஸில் பெரிய வித்தியாசம் தெரியாது. 145 மெகாஹெர்ட்ஸில் முப்பது மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 6 டெசிபெல் தின்னும். 5 வாட் போட்டால் மேலே ஒன்றேகால் வாட்தான் சேரும். ஆர்ஜி-213-இல் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே போய்ச் சேரும். டவருக்கு அவ்வளவு செலவழித்துவிட்டுக் கேபிளில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

கனெக்டரை நானே பற்றவைத்தேன். தண்ணீர் உள்ளே போனால் வலைக்கம்பி அதை மீட்டர் கணக்கில் உறிஞ்சிக்கொள்ளும், கேபிளே வீண். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அகலம் பாதியாகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒவ்வொரு சுற்றும் அடுத்ததன் மேல் ஏறி, மழை வழிந்து போகும். அதற்கு மேல் வெயில் தாங்க பிவிசி டேப். பட்டறைத் தம்பி மேலிருந்து கீழாகச் சாதா டேப்பைச் சுற்ற ஆரம்பித்தான். அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உச்சியில் இரண்டு மீட்டர் பேண்டுக்கான (145 மெகாஹெர்ட்ஸ்) நட்டுக்குத்து ஆன்டெனா, அதற்குக் கீழே நாற்பது மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இன்வர்ட்டட் வீ, அதாவது தலைகீழ் வி போல இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி ஆன்டெனா. கம்பியின் நீளத்துக்கு, 143-ஐ மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 7.1-ஆல் வகுத்தால் இருபது மீட்டர், பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் நீளமாக விட்டு, ஆன்டெனாவை அளக்கும் நானோ விஎன்ஏ கருவியைப் பார்த்துக்கொண்டே வெட்டினோம். மேலே தம்பி, கீழே நான், பொறுமையாகச் செய்தான்.

பராமரிப்புக்கு ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி மழைக்கு முன்பாக வருகிறார்கள். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்ப்பது, ஸ்டே இறுக்கம், போல்ட், துரு, டேப். வெல்டிங் ஓரத்தில் துரு கண்டால் துத்தநாக பெயின்ட். இதற்கு 2,500 ரூபாய். கொடுக்கத் தகும். எங்கள் பக்கம் ஆடியைவிட சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழைதான் மாங்காயையும் கிளையையும் சேர்த்து முறிக்கும். அப்படி எல்லாம் விழுந்த பிறகுதானே இந்த ரேடியோவுக்கு வேலை? 2004 டிசம்பரில் ஹாம் வேலையாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், சுனாமி அடித்ததும் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது இதே சாதனத்தில்தான். அவரைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் நான் தேர்வுக்கே உட்கார்ந்தேன்.

குறை இருக்கிறது. சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள். கால்வனைசிங்குக்குப் போன பாகங்கள் திரும்ப ரொம்ப இழுத்தது, போன் எடுக்கவும் இல்லை. பில் கையால் எழுதிய துண்டுச்சீட்டு. கேபிள், ஆன்டெனா நீங்கலாக, கம்பரஸர் வாடகை உட்பட 38,000 ரூபாய் ஆனது. இதைவிடக் குறைவாகச் சொன்னவர்கள் சில்வர் பெயின்ட் ஆட்கள்.

போன் செய்யும்போது மூன்று விஷயத்தைத் தயாராக வைத்திருங்கள்: டவர் உயரம், மூன்று பக்கமும் ஸ்டேக்கு இடம் இருக்கிறதா, உச்சியில் எத்தனை கிலோ, எவ்வளவு பெரிய ஆன்டெனா. பிறகு யாகி (ஒரு திசையை நோக்கி வேலை செய்யும் பெரிய ஆன்டெனா) ஏற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் மூன்று எலிமென்ட் யாகி பற்றிக் கேட்டதற்கு, இந்த டவருக்கு இன்னொரு அடுக்கு ஸ்டே போடாமல் ஏற்ற மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் அந்த வேலை.