ஹட்டன் ஞாயிறு ஆங்கில வகுப்பு: 'லெட் ஹிம் கோ' பாடத்துக்காகவே போகலாம்

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஹட்டனில் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. நான் எழுதப்போவது பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு காலையில் நடக்கும் ஆங்கில இலக்கண வகுப்பைப் பற்றி. வெளியில் போர்ட் ஒன்றும் இல்லை. கீழே கடையில் "இங்கிலீஷ் டீச்சர்" என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். தம்பியைச் சேர்க்கப் போன அன்று, பெரியவர்களும் பின்வாங்கில் உட்காரலாம் என்று டீச்சர் சொன்னார். நானும் சேர்ந்துகொண்டேன். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய்.

எனக்கு இது வேலைக்கும் தேவை. டவுனில் ஒரு பாமசியில் இருக்கிறேன். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ராவெல்லாம் படி ஏறி இறங்கிய வெள்ளைக்காரர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். அவர்களோடு பேசப் பெரிய ஆங்கிலம் வேண்டாம், "லெட் மீ செக்", "ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ" மாதிரிச் சின்ன வாக்கியங்கள் சரியாக வந்தால் போதும். இந்த வகையைத்தான் டீச்சர் ஒரு மாதம் முழுக்க நடத்தினார்: முதலில் ஒரு வினை, அடுத்து மீ, ஹிம், ஹர், தெம் என்று ஒரு பிரதிப்பெயர், அதற்குப் பின்னால் 'டு' இல்லாத வெறும் வினை.

தம்பி முன்பு போன ஒரு வகுப்பில் இதற்கு ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவனும் பட்டியலை ஒப்புவிப்பான், ஆனால் எழுதும்போது "மேக் ஹிம் டு கிரை" என்றுதான் எழுதுவான். ஏன் பிழைக்கிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

இந்த டீச்சர் ஆங்கிலத்தை எழுதுவதற்கு முன்னால் தமிழில் இரண்டு வரி எழுதினார். 'அவனைப் போக விடு.' 'அவனைப் போகச் சொல்லு.' இரண்டிலும் 'போக' தான். ஆங்கிலத்தில் முதலாவது 'லெட் ஹிம் கோ', இரண்டாவது 'டெல் ஹிம் டு கோ'. எங்கே 'டு' வரும், எங்கே வராது என்பதற்குத் தமிழில் ஒரு அடையாளமும் கிடையாது. "பிள்ளைகள் கவனமில்லாமல் பிழை விடுவதில்லை, தமிழில் இருக்கிற மாதிரியே எழுதுகிறார்கள், அவ்வளவுதான்" என்றார். இந்த ஒரு விளக்கத்துக்கே அந்த மாதக் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறகு வினைகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவரை ஒன்றைச் செய்ய விடுவது, செய்ய வைப்பது: லெட், மேக், ஹேவ். கண்ணாலும் காதாலும் உடம்பாலும் அறிவது: சீ, வாட்ச், ஹியர், ஃபீல், நோட்டிஸ். இவற்றுக்கு 'டு' வேண்டாம். ஹெல்ப் தனி ஆள். 'ஹெல்ப் ஹர் கேரி', 'ஹெல்ப் ஹர் டு கேரி' இரண்டும் சரி. அன்றாடம் வரும் மற்றவை, அதாவது டெல், ஆஸ்க், வான்ட், அலவ், ஃபோர்ஸ், கெட், எல்லாம் 'டு' கேட்கும். லெட், அலவ் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம். மேக், ஃபோர்ஸ் இரண்டும் அப்படித்தான். ஆகவே அர்த்தத்தை வைத்து 'டு'வை ஊகிக்கப் பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

அடுத்த வாரம் நடத்தியது எனக்கு இன்னும் பிடித்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் 'லெட் ஹிம்' என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'ஐ சா ஹி கோ' என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் திட்டவில்லை. மறுபடியும் தமிழுக்கே போனார். 'அவனைப் போக விடு' என்பதில் 'அவனை' இருக்கிறது, அதனால் ஹிம் தானாக வருகிறது. 'அவன் போவதைப் பார்த்தேன்' என்று சொல்லும்போது 'ஐ' உருபு 'போவது' மேல் ஏறிவிடுகிறது, 'அவன்' அப்படியே நிற்கிறான். அதனால்தான் கை 'ஹி' என்று எழுதுகிறது. ஆங்கிலத்திலோ பார்த்தாலும் கேட்டாலும் ஹிம், ஹர், தெம் தான் வர வேண்டும். "எங்கே மகள், கொழுந்து எடுக்கிறதை வைத்து ஒன்று சொல்லு" என்று முன்வாங்குப் பிள்ளையைக் கேட்டார். 'ஐ வாட்ச்ட் ஹர் பிளக் டீ' என்று அது டக்கென்று சொன்னது.

காலம் காட்டுவதில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'அழ வைத்தாள்' என்பதில் இறந்தகாலம் 'வைத்தாள்' என்பதில்தான் இருக்கிறது, 'அழ' மாறுவதில்லை. 'ஷி மேட் மீ கிரை' என்பதும் அப்படியே. இதைக் காட்டிய பிறகு 'மேட் மீ கிரைட்' என்று தம்பி எழுதி நான் பார்க்கவில்லை. 'மேக்ஸ் ஹிம் கோஸ்' என்று எஸ் போடுகிறவர்களுக்கும் இதே மருந்துதான்.

'கிராஸ்', 'கிராசிங்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மெயின் ரோட்டையே எடுத்தார். 'ஐ சா ஹிம் கிராஸ் த ரோட்' என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வரை பார்த்திருக்கிறோம். 'கிராசிங்' என்றால் நடு ரோட்டில் பார்த்தோம், போய்ச் சேர்ந்தானா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பொலிசில் சாட்சி சொல்லப்போனால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

பாசிவுக்கு, அதாவது செயப்பாட்டுவினைக்கு, மாற்றும்போது விட்டுப்போன 'டு' திரும்ப வந்துவிடும்: 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. லெட்டைப் பாசிவில் போடாமல் 'ஹி வாஸ் அலவ்ட் டு கோ' என்று மாற்றிக்கொள்வதுதான் நல்லது. இதை அவசரமாக முடித்துவிட்டார், இன்னும் ஒரு நாள் எடுத்திருக்கலாம்.

கேள்வி கேட்டால் டீச்சர் தட்டிக்கழிப்பதில்லை. சர்ச்சுக்குப் போகிற ஒரு பிள்ளை, 23ஆம் சங்கீதத்தில் 'ஹி மேக்கெத் மீ டு லை டௌன்' என்று வருகிறதே, அது பிழையா என்று கேட்டது. பிழையில்லை, அது 1611இல் அச்சான பைபிளின் ஆங்கிலம், அந்தக் காலத்தில் மேக்கோடு 'டு'வும் வரும், இன்றைக்கு நாம் எழுதும்போது போடக் கூடாது என்று விளக்கினார். அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

இனி குறைகள். கூரை தகரம். மழை பிடித்தால் பின்வாங்கில் ஒரு சொல் கேட்காது, ஹட்டனில் மழைக்கு என்ன குறை? ஒரு சின்ன மைக் வைத்தால் தீரும், டீச்சரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். நோட்ஸ் ஃபோட்டோ கொப்பி மங்கல், அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். இலக்கணம் நன்றாக ஏறுகிறது, ஆனால் பேசும் வாய்ப்பு முன்வாங்கோடு நின்றுவிடுகிறது. தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பின்னால்தான் உட்காருகிறார்கள், ஏனென்றால் அவர்கள் வந்து சேரும்போது முன்னால் இடம் இருக்காது. பேசிப் பழகுவது அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வாரம் ஒரு முறை வாங்கை மாற்றி உட்கார வைத்தால் என்ன?

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடியாது, மத்தியானம் தாண்டிவிடும், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது நல்லது. நோட்ஸை நம்பாமல் பெரிய சீ.ஆர். கொப்பி (தடித்த நோட்டு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போர்டில் எழுதுவது அச்சில் வருவதில்லை. அடுத்த மாதம் கெட், ஆஸ்க், வான்ட் என்று 'டு' போடும் வினைகள் தொடங்குகின்றன. அதற்கு இந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் யாரிடமாவது கொப்பியை இரவல் வாங்கி, தமிழ் வரிகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள்.